கோரிக்கை என்றால் டிமாண்டா? ஆபீஸ் இங்கிலீஷ் சொற்களைப் படிக்க எந்த வழி?

போன மாதம் என் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இங்கிலீஷ் வார்த்தை படிக்க எந்தப் புக்கு வாங்கட்டும்?" கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மனு எழுத உட்காருகிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான். கடையில் கிடைக்கும் சொற்பட்டியல், லத்தீன் வேர்ச்சொல் பிடித்துப் படிப்பது, இங்கிலீஷ்–இங்கிலீஷ் அகராதியோடு ஒரு நோட்டு. மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இன்றும் கையில் இருப்பது மூன்றாவதுதான்.

பட்டியலின் நல்லது எல்லோருக்கும் தெரியும். மலிவு, வேகம். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வில் ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், பல சொற்களுக்கு ஒரு சொல் என்று கேட்கிறார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் பட்டியலையே எடுங்கள், தப்பில்லை.

ஆனால் எழுதும்போது பட்டியல் கைவிட்டுவிடும். கோயம்புத்தூரில் முதல் வேலையில் இருந்தபோது, பாலக்காட்டுக் கிளைக்கு மாற்றம் கேட்டுக் கடிதம் எழுதினேன். டிமாண்ட் என்றால் கோரிக்கை என்று பட்டியலில் படித்திருந்தேன். கோரிக்கை நமக்குப் பணிவான சொல்தானே என்று 'ஐ டிமாண்ட் எ டிரான்ஸ்ஃபர்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டம் போட்டு, ஒன்றும் பேசாமல் கடிதத்தைத் திருப்பித் தந்தார். மாற்றம் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லால்தான் கிடைக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வட்டம் மனதை விட்டுப் போகவில்லை. அப்புறம் அகராதியைப் புரட்டினால், டிமாண்ட் என்பது மிக உறுதியாக, விட்டுக்கொடுக்காமல் கேட்பது என்று இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது ரெக்வெஸ்ட்.

எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. அவசரம் என்றால் நமக்குப் பரபரப்பு. மலையாளத்தில் அதே சொல்லுக்கு வாய்ப்பு என்று பொருள், தெலுங்கில் தேவை. இதை இங்கே குழந்தைகூடப் பழகிக்கொள்கிறது. இங்கிலீஷ் என்று வந்தால் மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

வேர்ச்சொல் வழி எனக்குப் பிடித்த வழி, பொய் சொல்ல மாட்டேன். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு லத்தீன் வழி வந்த பிரெஞ்சுச் சொற்கள் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்தன, பழைய இங்கிலீஷ் வீட்டிலும் வயலிலும் தங்கியது. அதனால்தான் பிகின் பக்கத்தில் கமென்ஸ், ஆஸ்க் பக்கத்தில் இன்க்வயர், பை பக்கத்தில் பர்ச்சேஸ் என்று ஜோடி ஜோடியாக இருக்கின்றன. பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரைத் தெரிந்துகொண்டால் இன்ஸ்பெக்ட், ரெட்ராஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரியும். படிக்கும்போது பெரிய உதவி.

அதே வேர் காலை வாரியும் விடும். டெரிபிள், டெரிஃபிக் இரண்டுக்கும் அச்சுறுத்துவது என்ற ஒரே வேர்தான். இன்று ஒன்று படுமோசம், மற்றது பிரமாதம். வாளையார் சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்' முன்னால் வந்தால் எதிர்மறை என்று படித்தவன் அதைத் தீப்பிடிக்காதது என்றே எடுத்துக்கொள்வான். எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் அதன் பொருள்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். சாதாரண அகராதி இல்லை, படிக்கிறவர்களுக்கென்றே எழுதப்பட்டது. ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்த ஹார்ன்பி, தாய்மொழி வேறாக இருப்பவர்களுக்காகத் தொகுத்து 1942-ல் டோக்கியோவில் வெளியான அகராதிதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற மாணவர் அகராதியாக வளர்ந்தது. 1978-ல் வந்த லாங்மன் அகராதி எல்லாப் பொருளையும் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கியது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் இருந்தால் போதும், தட்டுத்தடுமாறியாவது படித்துவிடலாம்.

என்னைக் கட்டிப்போட்டது ஒரே விஷயம்: எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை அது வாக்கியத்தில் காட்டுகிறது. தமிழில் அபராதம் விதிப்போம், வழக்குத் தொடுப்போம், தீர்மானம் நிறைவேற்றுவோம். மாற்றிச் சொன்னால் காது ஏற்காது. இங்கிலீஷிலும் அபராதத்துக்கு இம்போஸ், புகாருக்கு லாட்ஜ், ராஜினாமாவுக்கு டெண்டர். லாட்ஜ் என்றால் தங்கும் விடுதி என்று மட்டும் தெரிந்தவருக்குப் புகார்க் கடிதத்தின் முதல் வரியே ஓடாது. அப்புறம், சொல்லின் பக்கத்திலேயே 'ஃபார்மல்' என்று குறிப்பு இருக்கும். பர்ச்சேஸுக்கு அது உண்டு, 'பை' என்ற சொல்லுக்கு இல்லை. சந்தையில் கத்தரிக்காய் கொள்முதல் செய்தேன் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? அந்த எடை வித்தியாசத்தைப் பட்டியல் காட்டவே காட்டாது.

நோட்டில் நான் எழுதுவது இப்படி: ஒரு நாளைக்கு ஐந்தே சொல். சொல், அதோடு சேரும் சொல், அகராதி வாக்கியம், கீழே என் ஊரை வைத்து நானே எழுதிய ஒரு வாக்கியம். ஓரத்தில் தேதி. ஒரு வாரம் கழித்து வாக்கியத்தில் சொல்லை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். வராத சொல் மறுபடி அன்றைய ஐந்தில் ஒன்றாகிவிடும். வேகம் குறைவுதான், மாதம் நூற்றைம்பதைத் தாண்டாது. ஆனால் அந்த நூற்றைம்பதும் கடிதத்தில் தைரியமாக உட்காரும்.

செல்போன் செயலிகளை மூன்று வாரம்தான் பயன்படுத்தினேன். மறக்கும் நேரம் பார்த்துத் திருப்பிக் கேட்பது நல்ல ஏற்பாடு. நீண்ட நாளைக்கு எப்படி என்று சொல்கிற அளவுக்கு எனக்கு அதில் பழக்கமில்லை.

அக்கா மகளிடம் புது அகராதி வேண்டாம் என்றேன். வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி கோயம்புத்தூர் உக்கடம் போனால் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பத்து வருடம் பழைய பதிப்பானாலும் பரவாயில்லை, டிமாண்டும் டெண்டரும் அதற்குள் மாறிவிடாது. பாக்கெட் சைஸ் மட்டும் வாங்காதே, எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் அதில் முதலில் வெட்டியிருப்பார்கள் என்றேன். அவள் தடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்பக்கத்தில் யாரோ பச்சை மையில் பெயர் எழுதி அடித்திருந்தார்கள், உள்ளே பக்கம் எல்லாம் சரியாக இருந்தது.