ஒரே பேஸ்ல ஆறு பிக்அப்: மாத்தி மாத்தி போட்டு கேட்டதுல தெரிஞ்சது

மூணு மாசமா வீட்ல எனக்கு இதே வேலைதான். பேஸ் கிட்டாரை மேசை மேல படுக்க வச்சு, பிக்கார்டை (மேல இருக்கற பிளாஸ்டிக் தகடு) கழட்டி, சோல்டரிங் அயர்னை சூடு பண்ணி, ஒரு பிக்அப்பை (ஸ்ட்ரிங்கோட அதிர்வை சிக்னலா மாத்தற காந்தமும் காயிலும்) எடுத்துட்டு இன்னொண்ணை போட்டு, ரெக்கார்ட் பண்ணி, திரும்ப கழட்டி... எந்த பிக்அப் நல்லதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, கேட்டு கேட்டு குழப்பம்தான் மிஞ்சுச்சு, சரி நம்ம காதாலயே கேட்டு முடிவு பண்ணுவோம்னு இறங்கிட்டேன்.

டெஸ்ட் எப்படி பண்ணேன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அது சரியில்லன்னா மத்தது எல்லாம் வீண். 34 இன்ச் ஸ்கேல், நாலு ஸ்ட்ரிங், பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கோட அடி முனை உக்கார்ற இடம்) பக்கம் ஒரு ஜே (ஜாஸ் பேஸ் ஸ்டைல்) பிக்அப்பும் நடுவுல ஒரு பி (பிரிசிஷன் பேஸ் ஸ்டைல்) பிக்அப்பும் இருக்கற பேஸ். ஒவ்வொரு தடவையும் அதே கேபிள், அதே இன்டர்ஃபேஸ், ஆம்ப் இல்லாம நேரடியா. வாசிச்சது நாலே விஷயம்: ஓப்பன் ஈ-யை அடிச்சு தானா அடங்கற வரைக்கும் விடறது, விரல்ல ஒரு லைன், பிக்ல அதே லைன், கொஞ்சம் ஸ்லாப் (கட்டைவிரலால தட்டி வாசிக்கறது). அப்புறம் எல்லா ரெக்கார்டிங்கையும் ஒரே லெவலுக்கு கொண்டு வந்தேன். இதை பண்ணாம கம்பேர் பண்ணவே கூடாதுங்க. எது கொஞ்சம் சத்தமா கேக்குதோ அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிடும், ஹாட் பிக்அப் (அதிக சத்தம் தர்ற மாதிரி செஞ்சது) விக்கறதே பாதி அதனாலதான்.

முதல்ல பேஸோட வந்த, செராமிக் காந்தம் போட்ட பி. இதை திட்டறவங்க நிறைய, நானும் தூக்கி போடற எண்ணத்துலதான் ஆரம்பிச்சேன், ஆனா தனியா கேட்டா மோசம்னு சொல்லவே முடியல. அடிச்ச உடனே 'டக்'குன்னு ஒரு கூர்மை, கீழ கொஞ்சம் இறுக்கமா இருக்கு. குறை எங்கன்னா, மெதுவா தொட்டாலும் ஓங்கி அடிச்சாலும் ஏறக்குறைய ஒரே முகத்தோட வருது. அடுத்து அல்னிகோ 5 காந்தம் போட்ட பழைய ஸ்டைல் பி, 10 கிலோ ஓம் சுமாருக்கு சுத்தினது. அல்னிகோன்னா அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூணும் இரும்போட சேர்ந்த கலவை. மாட்டினதும் முதல் நோட்லயே தெரிஞ்சுது, மேல இருந்த அந்த கூர்மை உருண்டு போய் நடுவுல ஒரு உடம்பு வந்துச்சு. மெதுவா தொட்டா 'தும்', அழுத்தி அடிச்சா லேசா உறுமுது. செராமிக் கெட்டது அல்னிகோ நல்லதுன்னு நான் சொல்ல வரல, எத்தனை சுத்து சுத்தியிருக்காங்க, காயில் உயரமா தட்டையாங்கறதும் இதுல கலந்திருக்கு, ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல என் விரலுக்கு பதில் சொன்னது ரெண்டாவதுதான்.

அப்புறம் ரெண்டு ஹாட் பிக்அப். ஒண்ணு செய்மூர் டங்கன் குவார்ட்டர் பவுண்ட், பேருக்கு ஏத்த மாதிரி கால் இன்ச் தடிமன் காந்தம். இன்னொண்ணு டிமார்சியோ மாடல் பி, செராமிக், ஒவ்வொரு போலையும் (ஸ்ட்ரிங்குக்கு கீழ இருக்கற முனை) ஆலன் கீ போட்டு ஏத்தி இறக்கலாம். குவார்ட்டர் பவுண்ட் தனியா கேக்கும்போது அப்படியே ஆளை சாய்ச்சிடும்ங்க. கீழ பெரிய கட்டடம், மேல கணீர்னு ஓசை, நடுவுல கொஞ்சம் வழி விட்டு. அன்னிக்கு ராத்திரி இதுதான் வின்னர்னு நோட்புக்ல எழுதியே வச்சுட்டேன். மாடல் பி அதுக்கு நேர் எதிர், நடுவுல முட்டி தள்ளற மாதிரி ஒரு உறுமல், பிக் போட்டு வாசிச்சா செம்ம, மெல்லிசான பாட்டுக்கு கொஞ்சம் முரட்டுத்தனம்.

மறுநாள் டிரம்ஸ், ரெண்டு கிட்டார், கீபோர்டு இருக்கற ஒரு டிராக்ல நாலையும் ஒண்ணொண்ணா வச்சு கேட்டேன். எழுதி வச்ச வரிசை அப்படியே தலைகீழ். குவார்ட்டர் பவுண்டோட அந்த பெரிய கீழ்பாகம் கிக் டிரம்மோட மோதி காணாம போச்சு, மேல இருந்த கணீர் ஹைஹேட்டுக்குள்ள போயிடுச்சு, மிச்சம் இருந்தது நடுவுல அந்த காலி இடம்தான். தனியா கேக்கும்போது 'சுமார், கொஞ்சம் மொட்டை'ன்னு நான் எழுதி வச்சிருந்த அல்னிகோ பி, ஈக்யூ எதையும் தொடாமலே ஒவ்வொரு நோட்டும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியற மாதிரி உக்காந்துச்சு. மாடல் பி அதுக்கு ரொம்ப பக்கத்துல. இதை ஒரு தடவை காதால கேட்டுட்டா அப்புறம் தனியா வாசிச்சு காட்டற டெமோவை நம்பி பிக்அப் வாங்க மனசே வராது. பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் மோடவுன் ரெக்கார்ட் கம்பெனியில வாசிச்ச அந்த சவுண்டுக்கு பின்னாடி இருந்தது ஒரு 1962 பிரிசிஷன், ஃப்ளாட்வூண்ட் (மேல வழவழன்னு தட்டையா சுத்தின) ஸ்ட்ரிங், ஒத்தை விரல், அவ்ளோதான். ஹை ஃப்ரீக்வன்சி பெருசா ஒண்ணும் இல்லாத அந்த சவுண்ட் முழு பேண்டுக்கு நடுவுலயும் தெளிவா கேக்குதுன்னா காரணம் இந்த நடுப்பகுதிதான்.

இப்ப பிக்அப் உயரம். இதை பத்தி யாரும் அதிகமா பேச மாட்டேங்கறாங்க, எனக்கு அதுதான் ஆச்சரியம். பி பிக்அப் ரெண்டு துண்டா இருக்கும் இல்லையா, ஈ-ஏ ஸ்ட்ரிங்குக்கு ஒண்ணு, டி-ஜி ஸ்ட்ரிங்குக்கு ஒண்ணு. 1957-ல ஃபெண்டர் இந்த டிசைனுக்கு மாறினாங்க, ரெண்டு காயிலும் எதிரெதிரா சுத்தி, காந்தமும் எதிரெதிரா வச்சு, சீரீஸ்ல கனெக்ட் பண்ணி, அதனால ஹம் (கரண்ட்டால வர்ற 'ங்ங்'னு இரைச்சல்) அடிபட்டு போயிடும், அதாவது பார்க்க ரெண்டு சிங்கிள் காயில் மாதிரி இருந்தாலும் வேலை பண்றது ஹம்பக்கர் (ஹம்மை அடக்கற ரெண்டு காயில் பிக்அப்). ரெண்டு துண்டையும் தனித்தனியா ஏத்தி இறக்கலாம். நான் அல்னிகோ பி-யை முதல்ல ஸ்ட்ரிங்கை ஒட்டியே வச்சேன், நெருக்கமா இருந்தா நல்லா எடுக்கும்னு ஒரு நினைப்பு. ஓப்பன் ஈ அடிச்சா சத்தம் பெருசாதான் வந்துச்சு, ஆனா பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல போனா நோட் ஒரே இடத்துல நிக்காம 'வவ்வவ்'னு அலைஞ்சுது, ட்யூனரோட முள்ளும் கூடவே ஆடுது. காந்தம் ஸ்ட்ரிங்கை புடிச்சு இழுக்குது, அது சுதந்திரமா அதிரவே முடியல. ஸ்க்ரூவை அரை சுத்து இறக்கினேன், கேட்டேன், இன்னும் அரை சுத்து. மூணாவது தடவை ஸ்க்ரூ சுத்துது ஆனா பிக்அப் இறங்கல. கழட்டி பார்த்தா அடியில இருந்த ஸ்பாஞ்சு அப்படியே கல்லா இறுகி போயிருக்கு. புது ஸ்பாஞ்சு வெட்டி வச்சேன், அப்புறம்தான் சொன்ன பேச்சு கேட்டுச்சு. கடைசி ஃப்ரெட்டை அழுத்தி புடிச்சு அளந்தா ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2.5 சுமார்ல நிறுத்தினேன். அந்த ஒரு மில்லிமீட்டர் மாத்தினதுல வந்த வித்தியாசம், செராமிக்ல இருந்து அல்னிகோவுக்கு மாறினதுல வந்ததை விட பெருசுங்க, இதை நான் மிகைப்படுத்தி சொல்லல. புது பிக்அப்புக்கு காசு எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரூ டிரைவரோட அரை மணி நேரம் உக்காந்து பாருங்க.

ஜே பக்கம் வருவோம். 1960-ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு ஒல்லி சிங்கிள் காயில், ரெண்டும் பேரலல். தனித்தனியா வாசிச்சா ரெண்டுமே 'ங்ங்ங்'னு இரையும், ரெண்டையும் முழுசா திறந்தா ஹம் நின்னுடும், கூடவே நடுவுல கொஞ்சம் இறங்கி மேல கீழ ரெண்டும் தூக்கும், ஸ்லாப்புக்கு எல்லாரும் தேடறது அந்த சவுண்ட்தான். பிரிட்ஜ் பிக்அப்பை மட்டும் திறந்தா மூக்கால பேசற மாதிரி ஒரு குரல், ஜாகோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பேஸ்ல பாட வச்சது அந்த குரலைத்தான். 70-கள்ல வந்த ஜாஸ் பேஸ்ல பிரிட்ஜ் பிக்அப்பை ஒரு சென்டிமீட்டர் கிட்ட பிரிட்ஜ் பக்கம் தள்ளி வச்சாங்க, அந்த ஒரு சென்டிமீட்டருக்கே சவுண்ட் இன்னும் ஒல்லியா, இன்னும் வெடுக்குன்னு ஆயிடுது.

ஏன் அப்படி ஆகுதுன்னா, ஸ்ட்ரிங் ஒரே மாதிரி ஆடறது இல்ல, ஒரே நேரத்துல முழு நீளத்துக்கும், பாதிக்கும், மூணுல ஒரு பங்குக்கும்னு பல விதமா ஆடுது. ஓப்பன் ஸ்ட்ரிங்கோட நீளத்துல பிரிட்ஜ்ல இருந்து சரியா அஞ்சுல ஒரு பங்கு தூரத்துல பிக்அப் இருந்தா, அஞ்சாவது ஹார்மோனிக் (அஞ்சு பங்கா பிரிஞ்சு ஆடற அசைவு) அந்த இடத்துல ஆடவே ஆடாது, அப்ப பிக்அப்புக்கு அது கேக்கவும் கேக்காது. பிரிட்ஜ்கிட்ட போகப்போக அடிப்படை நோட்டோட அசைவு குறைஞ்சுகிட்டே வரும், அதனால கனமும் குறையும். பி-ஜே பேஸ்ல ஜே எப்பவும் சத்தம் கம்மியா இருக்கறதுக்கும் இது ஒரு காரணம், பி-யை கொஞ்சம் இறக்கி ஜே-யை கொஞ்சம் ஏத்தினாதான் ரெண்டும் சமமா பேசும். எந்த பிராண்டுங்கறதை விட எந்த இடத்துல இருக்குங்கறதுதான் முதல் விஷயம்னு எனக்கு உறுதியா தெரிஞ்சது இங்கதான்.

இன்னொரு பேஸ்ல ஜே-ஜே இருக்கு, அதுக்கு ஒரு கடையில செட்டுன்னு சொல்லி வாங்கினேன். மாட்டிட்டு ரெண்டையும் முழுசா திறந்தா ஹம் போகவே இல்ல. ஷீல்டிங் சரியில்லையோன்னு உள்ள முழுக்க காப்பர் டேப் ஒட்டினேன், கிரவுண்டை மறுபடி சோல்டர் பண்ணேன், ரெண்டு நாள் போச்சு. கடைசியா ஒரு சின்ன திசைகாட்டியை எடுத்து ரெண்டு பிக்அப் மேலயும் வச்சா, ரெண்டுலயும் முள் ஒரே பக்கம் திரும்புது! சரியான செட்டா இருந்தா ஒண்ணுக்கொண்ணு எதிரா திரும்பணும். ரெண்டுமே நெக் பிக்அப், ஒரே மாதிரி சுத்தினது, அதை செட்டுன்னு வித்துட்டாங்க. ஒண்ணுல ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி பார்த்தேன், ஹம் போச்சு, ஆனா கூடவே கீழ் கனமும் போச்சு, தகர டப்பா மாதிரி ஒல்லியா ஒரு சவுண்ட், ஏன்னா இப்ப ரெண்டும் ஃபேஸ் மாறி ஒண்ணை ஒண்ணு தின்னுது. சுத்தும் காந்தமும் ரெண்டுமே எதிரா இருந்தாதான் ஹம் மட்டும் போய் சவுண்ட் நிக்கும். கடையில கேட்டா எல்லா ஜே-யும் இரைச்சல் வரத்தான் செய்யும்னு சொல்லிட்டாங்க. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துச்சு. செட் வாங்கறவங்க மாட்டறதுக்கு முன்னாடியே திசைகாட்டி வச்சு பார்த்துடுங்க, ஒரு நிமிஷ வேலைதான்.

நண்பரோட ஸ்டிங்ரே பேஸை ரெண்டு நாள் வாங்கி அதே லைனை வாசிச்சேன். 1976-ல மியூசிக் மேன் கொண்டு வந்தது, தடிச்ச போல் வச்ச ஒரே ஹம்பக்கர், ரெண்டு காயிலும் பேரலல், பின்னாடி ஒரு ஆக்டிவ் ப்ரீஆம்ப் (பேட்டரில ஓடி சிக்னலை பெருக்கற சர்க்யூட்). பெர்னார்ட் எட்வர்ட்ஸ் ஷீக் பேண்ட்ல வாசிச்ச அந்த துள்ளல் இதுல இயல்பா வருது. ஜி ஸ்ட்ரிங் மட்டும் கொஞ்சம் மெலிசா எனக்கு கேட்டுச்சு. சரியா இருக்காதுன்னு இதை மத்ததோட வரிசைல வைக்கல, பாடியே வேற.

ஈஎம்ஜி ஆக்டிவ் பி-ஜே செட் வேற உலகம். 9 வோல்ட் பேட்டரி, பிக்அப்புக்குள்ளயே ப்ரீஆம்ப், 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டருக்கு (சத்தத்தை ஏத்தி இறக்கற திருகு) பதிலா 25 கிலோ ஓம். பழைய பொட்டென்ஷியோமீட்டரையே வச்சுகிட்டா வால்யூம் சுவிட்ச் மாதிரி திடீர்னு ஏறும், அதனால கூட வர்றதையே போடுங்க. இரைச்சல்ங்கற பேச்சே இல்ல, வாசிக்காதப்ப பேஸ் ஆன்ல இருக்கான்னு சந்தேகமே வந்துடும். பேட்டரி இல்லாத பாசிவ் பிக்அப்ல கேபிள் நீளமாக ஆக ட்ரெபிள் மழுங்கும், மூணு மீட்டர் கேபிளை கழட்டிட்டு பத்து மீட்டர் போட்டா காதுக்கே தெரியும், இதுல அந்த கவலை கிடையாது. சவுண்ட் சுத்தம், நேர்த்தி, ஸ்டேஜுக்கு நம்பி எடுத்துட்டு போகலாம். என் மனசுக்கு ஒட்டலங்கறதையும் சொல்லணும், விரலோட அழுத்தத்துல வர்ற சின்ன சின்ன ஏற்ற இறக்கத்தை இது தடவி சமமாக்கிடுது. மெட்டல் வாசிக்கற, பிக் புடிக்கற ஆளா இருந்தா இதே குணம் வரமா இருக்கும். வாசிச்சு முடிச்சதும் ஜாக்கை உருவிடுங்க, சொருகியே வச்சா பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும்.

இப்ப என் பேஸ்ல இருக்கறது அந்த அல்னிகோ பி, பிரிட்ஜ்ல உள்ளயே ஹம் அடங்கற டிமார்சியோ மாடல் ஜே. சாதாரண ஜே-யோட அந்த மேல் மினுமினுப்பு இதுல கொஞ்சம் குறைவுதான், அமைதிக்காக அதை விட்டுக்கொடுத்தேன். முக்கால்வாசி நேரம் பி மட்டும்தான் திறந்திருக்கு, ஸ்லாப் வந்தா மட்டும் ஜே-யை பாதிக்கு ஏத்தறேன். குவார்ட்டர் பவுண்டை விக்கல, மூணு பேர் மட்டும் வாசிக்கற பேண்ட்ல, கீபோர்டு இல்லாத இடத்துல, அந்த பெரிய சவுண்டுக்கு நிக்க இடம் இருக்கும், அதை அங்க வச்சு கேக்கணும். நேத்து ஃப்ளாட்வூண்ட் மாட்டினேன், தடிமன் வேற, இழுவை வேற, ஈ-ஏ பக்க துண்டை மறுபடி கால் சுத்து இறக்க வேண்டி வந்துச்சு.