பாங்ரக் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ், பாங்காக்: கல்யாணம் ரிஜிஸ்டர் பண்ண 5க்கு 5

பாங்காக்ல எங்க ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணலாம்னு தேடுறவங்களுக்கு இது. கல்யாணம் எனக்கு இல்ல, என்கூட வேலை பாக்குற அக்காவுக்கு. இங்க மூத்தவங்க பேருக்கு முன்னாடி 'பீ' சேத்து கூப்பிடுவாங்க, நம்ம அக்கா, அண்ணன் மாதிரி. நான் வெறும் பீன்னே கூப்பிட்டு பழகிட்டேன். பீயும் அவங்க காதலிக்கிற பொண்ணும் 14 வருஷமா ஒரே வீட்ல இருக்காங்க, ஆனா பேப்பர்ல ஒருத்தருக்கொருத்தர் யாருமே இல்ல. 2021ல பீக்கு ஆபரேஷன், ஒரு ஆஸ்பத்திரில கையெழுத்து போட குடும்பத்து ஆள் வேணும்னுட்டாங்க, ராப்பகலா பக்கத்துல இருந்தவங்க கையெழுத்து செல்லாது, சியாங்மாய்ல இருந்து தம்பி நைட் பஸ் புடிச்சு வந்து போட்டான். அன்னிக்கு அந்த வராண்டாவுல அவங்க அழுதது எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது.

ஒரே பாலினத்தவங்களும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கலாம்ங்கற மசோதாவுக்கு 2024 மார்ச்ல தாய்லாந்து பார்லிமென்ட் கீழவையில 400 பேர் ஆதரவு 10 பேர் எதிர்ப்பு, ஜூன்ல செனட்ல 130க்கு 4, அப்புறம் ராஜா ஒப்புதல், 2025 ஜனவரி 23ல சட்டம் அமலுக்கு வந்துச்சு. தென்கிழக்கு ஆசியாவுலயே முதல் நாடு தாய்லாந்துதான். முதல் நாளே நாடு முழுக்க 1,800க்கு மேல ஜோடிங்க பதிவு பண்ணாங்க. நாங்க கூட்டம் குறையட்டும்னு பிப்ரவரில ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். பிப்ரவரி 14 மட்டும் இங்க போகாதீங்க, 'ரக்'னா காதல்னு அர்த்தம், அந்த பேருக்காகவே காதலர் தினத்துக்கு ஜோடிங்க எல்லாம் இந்த ஆபீஸுக்குத்தான் வருவாங்க.

சர்வீஸ் பத்தி சொல்லணும்னா, எல்லாருக்கும் இருக்குற அதே கவுன்டர், அதே வரிசை. எங்களுக்கு முன்னாடி ஒரு பையனும் பொண்ணும், எங்களுக்கு பின்னாடி வயசான ரெண்டு ஆம்பளைங்க. ஐடி கார்டு குடுத்தாங்க, சாட்சி ரெண்டு பேர், அதுல ஒருத்தன் அன்னிக்கு பஸ்ல வந்த அதே தம்பி. ரெண்டு பேருக்கும் சம்மதமா, குடும்பப்பேர் மாத்தணுமான்னு கேட்டாங்க, அவ்ளோதான். ஆபீஸுக்கே நேர்ல போனா பீஸ் கிடையாது. ஆளுக்கொரு சர்டிபிகேட், பூ பார்டர் போட்டது. பீ அத வாங்கி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, பைல வைக்கவே மனசு வரல. அந்த ஆபீசரம்மா வாழ்த்துக்கள்னு சொன்னது ஏதோ கடமைக்கு சொன்ன மாதிரி இல்ல, நிஜமா சந்தோஷப்பட்டாங்க.

சட்டத்துல 'கணவன் மனைவி'ங்கறத எடுத்துட்டு பொதுவா 'துணைவர்'னு மாத்திட்டாங்க. சொத்து, ஆஸ்பத்திரி கையெழுத்து, சேந்து குழந்தை தத்தெடுக்கறது எல்லாமே இப்ப உண்டு. ஆனா 'அப்பா அம்மா'ங்கற வார்த்தையை 'பெற்றோர்'னு மாத்த சொல்லி கேட்டத ஏத்துக்கல, அதையும் சீக்கிரம் சரி பண்ணணும், குழந்தை வளக்கறவங்களுக்கு அதுல சிக்கல் வரும்.

வெளிநாட்டுக்காரங்களா இருந்தா உங்க எம்பஸில கல்யாணம் ஆகாதவர்னு ஒரு லெட்டர் வாங்கி, தாய்லாந்து பாஷைல மாத்தி, வெளியுறவுத் துறைல முத்திரை வாங்கிட்டு வரணும், ஒரே நாள்ல முடியாது, அதுக்கு ஏத்த மாதிரி லீவு போடுங்க.

முடிச்சுட்டு நாங்க டுக்டுக் புடிச்சு சீலோம் ரோட்டு மாரியம்மன் கோயிலுக்கு போனோம், அதுவும் பாங்ரக் மாவட்டத்துலதான் இருக்கு, 19ஆம் நூற்றாண்டுல நம்ம தமிழ் ஆளுங்க கட்டின கோயில், இப்ப தாய்லாந்துக்காரங்கதான் நெறைய வர்றாங்க. பீதான் போலாம்னு சொன்னாங்க. வாசல்ல தேங்கா, பழம், செவ்வந்தி மாலையெல்லாம் வச்ச தட்டு வாங்கினோம், ரெண்டு பேரும் நெத்தில குங்குமத்தோட கும்பிட்டு நின்னப்ப எனக்கு எங்க ஊர்ல கல்யாணம் முடிச்சு கோயிலுக்கு வர்ற ஜோடி மாதிரியே இருந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு. உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அதனால ரோட்டுக்கு வந்து மாலையும் சர்டிபிகேட்டுமா தம்பிய நடுவுல நிக்க வச்சு ஒண்ணு எடுத்தோம்.