மூன்று மழைக்காலம் தாண்டிய ஃபைபர் நெட்: எது தாங்கியது, எது தாங்கவில்லை

வீட்டு ஃபைபர் இணைப்பைப் பற்றி முதல் மாதத்தில் எழுதும் விமர்சனம் எல்லாம் ஸ்பீடு டெஸ்ட் படத்தோடு முடிந்துவிடும். லைன் புதுசு, ஜாயின்ட் புதுசு, வேகம் வராமல் எங்கே போகும்? லைனின் தரம் தெரிவது இரண்டாவது ஐப்பசியில்தான்.

லைன் போட வந்தவர் கிளம்புவதற்குள் வேகத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, ஒளி அளவைப் பார்த்துவிடுங்கள். பிரௌசரில் 192.168.1.1 போட்டு, ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு (ஓஎன்டி) அடியில் ஒட்டியிருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டோடு உள்ளே போனால், ஸ்டேட்டஸ் பகுதியில் ஆப்டிகல் அல்லது பான் (PON) என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஓர் எண்; பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது, டிபிஎம் என்பது அதன் அலகு. மைனஸ் 18 முதல் 24 டிபிஎம் வரை என்றால் நிம்மதி. 25-ஐத் தாண்டினால் மழைக்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். வழக்கமான ஓஎன்டி பெட்டி மைனஸ் 27 வரைதான் தாங்கும். அதற்கும் கீழே போனால் பான் விளக்கு மினுக்கும், பிறகு வெளிச்சம் வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகிவிடும். 3 டிபி (இழப்பைச் சொல்லும் அலகு) குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிறது. அந்தப் பக்கத்தை முதல் நாளே போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

இந்த வெளிச்சம் எங்கே போகிறது? ஆபரேட்டர் அறையிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் அளவில் கிளம்புகிறது என்று வையுங்கள். தெருமுனையில் எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் 10 டிபிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். அடுத்த கம்பத்தில் இன்னொரு எட்டு என்றால் மறுபடி அதே அளவு. ஆக, வீட்டைத் தொடும் முன்பே மைனஸ் 18 ஆகிவிடுகிறது. ஃபைபர் தின்பது கிலோமீட்டருக்குச் சுமார் 0.3 டிபிதான். மெஷினில் உருக்கி ஒட்டிய ஜாயின்ட் 0.1-க்குள் அடங்கும். கையால் அழுத்தி மாட்டும் கனெக்டருக்கு நல்ல நாளிலேயே 0.3 முதல் 0.5 வரை போகும்.

தெருவில் போகும் வயரை லாரி உரசி அறுக்கும், அணில் கடிக்கும், மின்வாரியத்தார் கிளை வெட்டும்போது கூடவே போகும். ஒவ்வொரு முறையும் ஒரு ஜாயின்ட் கூடும். அவசரத்துக்கு டேப் சுற்றிவிட்டுப் போன ஜாயின்டில் தண்ணீர் இறங்கினால் நெட் விட்டு விட்டு வரும். இரண்டு நாள் வெயிலடித்ததும் தானாகத் திரும்பும், புகாரும் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடப்படும். "தானா சரியாயிடும் சார்" என்ற பதிலில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். பெட்டியில் பச்சைத் துளை இருந்தால் பச்சை கனெக்டர்தான் மாட்ட வேண்டும். நீலம் நுழைந்துவிடும், ஆனால் முனையின் சாய்வு பொருந்தாமல் வெளிச்சம் வீணாகும். அலமாரிக்குப் பின்னால் வயரை மடித்துத் திணிக்கக் கூடாது. வளைவு ஒரு டீ டம்ளர் வாய் அளவாவது இருக்கட்டும். வயர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே வேண்டாம், அது லேசர்.

வேகத்தைப் பற்றிய புகாரில் பாதி வைஃபையின் குற்றம். வயர் மிச்சமாகும் என்று பெட்டியை வாசல் கதவுக்கு மேலேயே மாட்டிவிடுவார்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டு ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்டிப் படுக்கையறைக்குப் போய்ச் சேராது. இன்னும் 10 மீட்டர் வயர் கேட்டு வீட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அடுக்ககமாக இருந்தால், மற்றொன்றான 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சேனல் 1, 6, 11-இல் ஒன்றையும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும் வைப்பதே நல்லது. 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் லேன் வயர் மாட்டியும் 94-க்கு மேல் ஏறவில்லையா? அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டாக இருக்கும், அல்லது லேன் வயரின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கும். வேறு போர்ட்டில் மாட்டிப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்கலாம்.

கரண்ட் போனால் மினி யுபிஎஸ் உதவும். அட்டையில் 6000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 22 வாட்அவர். 8 வாட் தின்னும் பெட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. ஆனால் சில உள்ளூர் கேபிள்காரர்கள் கம்பத்துப் பெட்டியில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுத்திருப்பார்கள். தெருவில் கரண்ட் போனால் அதுவும் செத்துவிடும், உங்கள் யுபிஎஸ் வீண். இணைப்பு எடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெட்டியின் செட்டிங்கில் வேன் (WAN) என்ற பக்கத்தில் ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன என்று பொருள். பெட்டியில் போர்ட் திறந்து வெளியூரிலிருந்து கேமராவை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆப் வழியாகப் பார்க்கும் டிவிஆர் வேலை செய்யும், இல்லாவிட்டால் தனிப் பணம் கட்டி, உங்களுக்கு மட்டுமான மாறாத முகவரி (ஸ்டேட்டிக் ஐபி) வாங்க வேண்டும்.

பில்லில் 499 என்பது 18 சதவீத ஜிஎஸ்டியோடு 588.82. 'அன்லிமிடெட்' என்பது பல திட்டங்களில் மாதம் 3300 ஜிபி. ஒரு நாளைக்கு 110 ஜிபி வருகிறது, வீட்டுக்கு அது போதும், சண்டை வேண்டாம்.

மொபைல் ரீசார்ஜில்தான் எரிச்சல் வருகிறது. 28 நாள் கணக்கால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவிட்டது. திட்டம் இருக்கிறது, ஆப்பில் தேடிப்பிடிக்க வேண்டும். ஓடிபிக்காக மட்டும் உயிரோடு இருக்கும் இரண்டாவது சிம்முக்கு, டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் போதும். அதைக் கொண்டுவரச் சொன்ன உத்தரவு 2024 டிசம்பரில் வந்தது.

புகாரை வாட்ஸ்அப்பில் லைன்மேனிடம் சொன்னால் கணக்கில் ஏறாது. கால் சென்டரில் டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதலாம். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதற்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது.

எதிர்பார்ப்பு ஒன்றுதான். அந்த ஆர்எக்ஸ் எண்ணை ஆபரேட்டர் தன் இடத்திலிருந்தே பார்க்க முடியும். இருந்தும் கால் சென்டர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறது. ஆப்பில் டேட்டா மீதிக்குப் பக்கத்தில் அதையும் காட்டலாம். "நெட் ஸ்லோ" என்றால் லைன்மேன் போனிலேயே பேசி முடித்துவிடுவார். "போன மாசம் 21 இருந்துச்சு, இப்ப 26" என்று சொல்லிப் பாருங்கள், ஏணியோடு வருவார்.