ஒரு பிழைக்கு எத்தனை க்ளெய்ம்கள் நிற்கும்? 837 சரிபார்ப்பு மென்பொருள்கள் மூன்று

பெங்களூரில் மான்யதா, ஒயிட்ஃபீல்டு வட்டாரங்களில் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுப் பணிகளைச் செய்யும் நிறுவனங்களில் தமிழர்கள் கணிசமாக இருக்கிறோம். புதிய கிளையன்ட் வரும்போதெல்லாம் 837 கோப்புகளை (காப்பீட்டுப் பணம் கோரும் விண்ணப்பங்களை, அதாவது க்ளெய்ம்களை, அனுப்பும் அமெரிக்க மின்னணு வடிவம்) சரிபார்க்க எந்த மென்பொருளை எடுப்பது என்ற கேள்வி எழுகிறது. விற்பனையாளர்கள் ‘ஸ்னிப்’ எனப்படும் சரிபார்ப்பு வகைகள் ஏழையும் சரிபார்ப்பதாகச் சொல்லி அட்டவணையை நீட்டுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, ஒரு க்ளெய்மில் பிழை இருந்தால் அதோடு சேர்ந்து எத்தனை நல்ல க்ளெய்ம்கள் நிற்கும் என்பதே.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. எஸ்டி என்ற தொடக்க வரி முதல் எஸ்இ என்ற முடிவு வரி வரையிலான ஒரே பரிவர்த்தனைக்குள் 5000 க்ளெய்ம்கள் வரை வைக்கலாம் என்று 837 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. கோப்பின் அமைப்பைப் பார்த்து வரும் 999 பதிலில் அந்தப் பரிவர்த்தனைக்கு ‘ஆர்’ என்று வந்தால் உள்ளே இருக்கும் எல்லாமே நிராகரிக்கப்பட்டவைதான். அவை பேயரின், அதாவது பணம் தர வேண்டிய காப்பீட்டாளரின், கணினிக்குள் நுழையவே இல்லை. ஆனால் தாக்கல் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் சிகிச்சை நாளிலிருந்து 12 மாதங்கள் கிடைக்கும், தனியார் பேயர்கள் சிலரிடமோ 90 நாட்கள்தான். அதன்பின் வரும் 277சிஏ பதில் க்ளெய்ம் க்ளெய்மாக ஏற்பு, நிராகரிப்பைச் சொல்வதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை. ஆகவே மென்பொருள் எந்த மட்டத்தில் நிராகரிக்கிறது என்பது பில்லிங் டீமின் வருமானத்தையே தொடும் விஷயம்.

டிப்கோ ஃபோர்சைட் இன்ஸ்ட்ரீம், பிஸ்டாக், பைஎக்ஸ்12 ஆகிய மூன்றையும் ஒரே சோதனையில் நிறுத்திப் பார்க்கலாம். 837பி (மருத்துவர் சேவைகளுக்கான 837) கோப்பில் ஒரு க்ளெய்மின் சிஎல்எம்02 புலத்தில் மொத்தத் தொகை 250 டாலர் என்று இருக்கிறது. கீழே இரண்டு சேவை வரிகளின் எஸ்வி102 புலங்களில் 150, 90 என்று இருக்கின்றன. கூட்டினால் 240. ஒவ்வொரு புலமும் முறையான எண்தான், இலக்கணத்தில் குறையே இல்லை. ஸ்னிப் முதல் இரண்டு வகைகளும் இதைக் கடந்து போகவிடும், தொகை சமநிலையைப் பார்க்கும் மூன்றாம் வகைதான் பிடிக்கும்.

டிப்கோ ஃபோர்சைட் இன்ஸ்ட்ரீம் இதைத் தானாகவே பிடிக்கிறது. அதைவிட முக்கியமாக, அதன் டாக்ஸ்ப்ளிட்டர் பிழையுள்ள க்ளெய்மைத் தனியே பிரித்து மற்றவற்றை முன்னே அனுப்ப வழிசெய்கிறது. 999, 277 பதில்களையும் அதே தொகுப்பிலிருந்து உருவாக்கலாம். ஐசிடி-10 நோய்க் குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறுகின்றன என்பதை நினைத்தால், குறியீட்டுப் பட்டியல்களை விற்பனையாளரே புதுப்பித்துத் தருவதன் அருமை புரியும். உரிமக் கட்டணமும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களின் தேவையும்தான் இதன் சுமை.

மைக்ரோசாஃப்டின் தரவு இணைப்பு மென்பொருளான பிஸ்டாக் சர்வரில் 5010 பதிப்பின் ஸ்கீமாக்கள் (கோப்பு அமைப்பின் வரையறைகள்) கூடவே வருகின்றன. ‘மல்டிபிள்’ வகை ஸ்கீமாவை எடுத்தால் 837 கோப்பு க்ளெய்முக்கு ஒரு செய்தியாகப் பிரியும். இது நல்ல வசதி. ஆனால் மேலே சொன்ன 250, 240 வேறுபாட்டை அது தானாகக் கண்டுகொள்ளாது, அந்த விதியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். தவிர, 2020 பதிப்பே கடைசி என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. முதன்மை ஆதரவு 2028இலும் நீட்டித்த ஆதரவு 2030இலும் முடிகின்றன. புதிய பணிக்கு இதை எடுப்பது சரியல்ல.

பைஎக்ஸ்12 திறந்த மூலப் பைத்தான் நூலகம். வழிகாட்டியின் அமைப்பை எக்ஸ்எம்எல் வரைபடங்களாக வைத்துக்கொண்டு கோப்பைச் சரிபார்த்து 999 தருகிறது. தொகைச் சமநிலையை நாம்தான் எழுத வேண்டும்: க்ளெய்ம் இருக்கும் 2300 லூப்பைப் படித்து, அதன் சேவை வரிகளான 2400 லூப்களின் தொகைகளைக் கூட்டி, ஒப்பிட வேண்டும். இங்கே தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் எண்களைப் பயன்படுத்தினால் சென்ட் கணக்கில் சரியான க்ளெய்மும் தவறாகத் தெரியக்கூடும், துல்லியமான டெசிமல் வகைதான் பாதுகாப்பு. எழுதுவது பெரிய வேலையல்ல. விதிகள் நூறானபின் ஒவ்வொன்றையும் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதைத்தான் தொடக்கத்தில் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

எந்த மென்பொருளானாலும் பிழை அறிக்கையை வாங்கிப் படித்துப் பாருங்கள். இத்தனையாவது செக்மென்ட் (கோப்பின் ஒரு வரி) தவறு என்று மட்டும் சொன்னால் பில்லிங் ஊழியர் எங்கே போய்த் தேடுவார்? சிஎல்எம்01இல் உள்ள நோயாளிக் கணக்கு எண் அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும்.

நாள்தோறும் பெரும் எண்ணிக்கையில் க்ளெய்ம் வாங்கும் பேயருக்கும், க்ளெய்ம்களைப் பேயர்களுக்குக் கொண்டுசேர்க்கும் இடைநிலை நிறுவனமான கிளியரிங்ஹவுஸுக்கும் இன்ஸ்ட்ரீமையே பரிந்துரைப்பேன். சிறிய பில்லிங் நிறுவனத்துக்குப் பைஎக்ஸ்12 போதும், ஏனெனில் கிளியரிங்ஹவுஸ் எப்படியும் மறுபடி சரிபார்க்கும். அங்கிருந்து திரும்பி வருமுன் நம் அலுவலகத்திலேயே பிடிப்பதுதான் நோக்கம். பிஸ்டாக் ஏற்கெனவே ஓடுகிற இடத்தில் அதை உடனே கழற்ற வேண்டியதில்லை. தொகை, குறியீட்டு விதிகளை மட்டும் வெளியே ஒரு தனிச் சேவையாக எடுத்து வைத்தால், பிறகு மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான ஆஜுர் லாஜிக் ஆப்ஸுக்கோ வேறெதற்கோ மாறும்போது அவற்றைத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.

இந்தியாவின் க்ளெய்ம் பரிமாற்றத் தளமான என்எச்சிஎக்ஸ், எஃப்எச்ஐஆர் என்ற வேறு தரவு வடிவத்தில் இயங்குவதால் இந்த 837 விதிகள் எதுவும் அங்கே செல்லாது. உள்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் எஃப்எச்ஐஆர் சரிபார்ப்பிகளைத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முன் பத்து க்ளெய்ம்கள் கொண்ட ஒரு கோப்பை, ஒன்றில் மட்டும் தொகைப் பிழை வைத்து, விற்பனையாளரிடம் கொடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண் எல்லாம் நாமே புனைந்தவையாக இருக்கட்டும். உண்மையான நோயாளித் தகவலை டெமோவுக்குக் கொடுக்கவே கூடாது.