சாயத்தின் ஒளிர்வைக் கூட்ட வெள்ளியா, தங்கமா?

உலோக நானோ துகளுக்கு அருகில் வைத்த ஒளிரும் சாயம் தனித்திருப்பதைவிடப் பன்மடங்கு பிரகாசமாக ஒளிரக்கூடும். அதே துகள் அச்சாயத்தை மங்கவும் வைக்கக்கூடும். ஆகவே எந்த உலோகம் சிறந்தது என்று கேட்பவரிடம், எந்தச் சாயத்துக்கு என்றே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

நீரில் மிதக்கும் சிறு வெள்ளிக் கோளங்களின் பிளாஸ்மான் ஒத்ததிர்வு, அதாவது உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு இயைந்து வலுவாக அதிரும் அலைநீளம், 400 நானோமீட்டரை ஒட்டியும், தங்கக் கோளங்களுக்கு 520 நானோமீட்டரை ஒட்டியும் அமைகிறது. புளோரசீன் என்னும் பச்சையாக ஒளிரும் சாயம் 490 நானோமீட்டர் அளவில் ஒளியை உறிஞ்சி 515 அளவில் உமிழ்வது. அந்த நீல, பச்சைப் பகுதியில் தங்கத்தின் எலக்ட்ரான்களே ஒளியை விழுங்கி வெப்பமாக்கிவிடுவதால், அங்கே வெள்ளியையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். உப்புக் கரைசலில் அரிபடும். மாதக்கணக்கில் வைத்துப் பயன்படுத்த வேண்டிய பரிசோதனைத் தகட்டுக்கு இது சிறிய குறையல்ல.

600 நானோமீட்டரைத் தாண்டிய சிவப்பு, அண்மை அகச்சிவப்புச் சாயங்களுக்கு வரும்போது தங்கத்தின் இழப்பு வெகுவாகக் குறைகிறது. கோளத்தை நீட்டித் தண்டாக்கினால் ஒத்ததிர்வையும் அப்பகுதிக்கு நகர்த்தலாம். கந்தகம் கொண்ட தயோல் மூலக்கூறுகள் தங்கத்தின் மேல் உறுதியாகப் பிணைவதால் மேற்பரப்பு வேதியியலும் எளிதாகிறது. 2009-இல் வில் கழுத்துப்பட்டை (bowtie) வடிவத்தில், இரு முக்கோணங்கள் நுனியோடு நுனி எதிரெதிரே நிற்கும் தங்க நானோ ஆன்டெனாவில் ஒற்றை மூலக்கூறின் ஒளிர்வு 1,340 மடங்கு வரை உயர்ந்ததாக வெளியான முடிவு பலரையும் ஈர்த்தது. அந்தச் சாயம் தனித்த நிலையில், உறிஞ்சும் 100 ஃபோட்டான்களுக்கு இரண்டு மூன்றை மட்டுமே திருப்பித் தந்தது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும். 90-க்கு மேல் தரும் புளோரசீனிடம் உமிழ்வுத் திறனில் கூட்டுவதற்கு அதிகம் மீதமில்லை. அதற்குக் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் துகளருகே செறிவடையும் கிளர்வொளியால், அதாவது சாயத்தை ஒளிரத் தூண்டும் ஒளியால், வருவது. நீரில் மங்கலாக ஒளிரும் இண்டோசயனின் பச்சை போன்ற சாயங்களே இம்முறையால் மிகுதியாகப் பயன்பெறும்.

புற ஊதாப் பகுதிக்கோ இவ்விரண்டையும்விட அலுமினியமே பொருந்தும். 350 நானோமீட்டர் அருகே ஒளிரும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்துக்கு அது ஏற்றது.

எந்த உலோகமானாலும் இடைவெளியில் கவனம் தவறக்கூடாது. 2006-இல் ஒற்றைத் தங்கத் துகளை ஒற்றை மூலக்கூறை நோக்கி நகர்த்திய ஆய்வில், நெருங்க நெருங்க ஒளிர்வு உயர்ந்து, கடைசிச் சில நானோமீட்டர்களில் சரிந்தது. அதனால்தான் துகளின் மேல் சிலிக்கா உறை பூசி, அதன்மேல் சாயத்தைப் பிணைக்கிறார்கள். 20 நானோமீட்டருக்குக் குறைவான துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதைவிட உறிஞ்சுவதே மிகுதி என்பதால், அவற்றைவிடப் பெரிய துகள்களே விரும்பத்தக்கவை.

பிரகாசம் கூடியதை மட்டும் வைத்து உலோகத்தின் பங்கை முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை; துகளின் மேல் சாயம் அதிகமாகப் படிந்திருந்தாலும் அளவீடு உயரும். சிலிக்கா உறைக்குள்ளிருக்கும் உலோகத்தைக் கரைத்து நீக்கி, வெற்று ஓட்டில் எஞ்சும் ஒளிர்வோடு ஒப்பிட வேண்டும். ஒளிர்வின் ஆயுட்காலம், அதாவது கிளர்ந்த மூலக்கூறு சராசரியாக அந்நிலையில் நீடிக்கும் நேரம், குறைந்துள்ளதா என்பதையும் அதனுடன் அளந்து காட்ட வேண்டும்.