வெள்ளைக் குரோக்கஸ் என்று 186 டொலர் கொடுத்தேன், நீங்களும் ஏமாறாதேங்கோ

கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்கிற குரோக்கஸ், பனி கரையும்போதே கிழங்கிலிருந்து முளைத்துப் பூக்கிற ஒரு சின்னப் பூ. கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வீட்டு முன் வளவில் பூக்கிழங்கு வைக்கிற ஆட்கள் கட்டாயம் வாசியுங்கள். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விபரமாகச் சொல்கிறேன்.

போன செப்டம்பரில், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற ஒரு இணையத் தோட்டக் குழுமத்தில் ஒருவர் பூக்கிழங்கு விற்பதாகப் படம் போட்டிருந்தார். கடை கிடை ஒன்றும் இல்லை, வீட்டிலிருந்து செய்கிற வியாபாரம். படத்தில் கரைந்துகொண்டிருக்கிற பனிக்குள்ளிருந்து வெள்ளைக் குரோக்கஸ், உள்ளே மஞ்சள் தொண்டை. 'ஸ்நோ பன்டிங்' வகை என்று பெயரும் போட்டிருந்தார். எனக்கு எத்தனையோ வருடத்து ஆசை அது. நான் போகிற கடைகளில் ஊதாவும் மஞ்சளும் கலந்த பைதான் வரும், தனி வெள்ளையைக் கண்டதில்லை. ஊரில் எங்கள் வாசலில் நந்தியாவட்டை நின்றது, விடியக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். இங்கே ஐந்து மாதம் சாம்பல் வானத்தையே பார்த்துவிட்டு, முதல் பூவாவது வெள்ளையாக வரட்டுமே என்று ஒரு பைத்தியம். "வெள்ளைப் பனிக்குள்ள வெள்ளைப் பூவோ, ஆருக்குத் தெரியப்போகுது" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். மாமியோ இன்றுவரை நான் குங்குமப்பூ பயிரிடுவதாகத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறா. அது இலையுதிர் காலத்தில் ஊதாவாகப் பூக்கிற வேறு குரோக்கஸ் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டா.

கண்ணை மூடிக்கொண்டு நான் காசு அனுப்பவில்லை. கேள்வி கேட்டேன். விற்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதுதான் வினை. எத்தனை அங்குல ஆழம் என்றேன், மூன்று, நாலு அங்குலம், கூர்ப்பக்கம் மேலே என்றார். அணில் தோண்டுமே என்றேன், கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேலே விரித்து மண் போடுங்கோ அக்கா, தண்டு கண்ணிக்குள்ளால் வரும் என்றார். குளிர் காணாவிட்டால் பூக்காது, நிலம் உறைய முன்னம் வைத்துவிட வேண்டும் என்றும் அவராகவே சொன்னார். எல்லாம் சரியான விஷயம். பிறகு, "ஹொலண்டில இருந்து வாற முதல்தரக் கிழங்கு அக்கா, சுற்றளவு பத்துச் சென்ரிமீற்றர், கடையில இந்தச் சைஸ் கிடையாது" என்றார். நிச்சயம் வெள்ளைதானே என்று கேட்டேன். "நூறு வீதம் வெள்ளை. என்னில நம்பிக்கை இல்லையோ அக்கா?" என்று எழுதினார். எனக்கே வெட்கமாகிப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் 150 கிழங்குக்கு 186 டொலரை இ-ட்ரான்ஸ்ஃபரில், அதாவது என் வங்கிக் கணக்கிலிருந்து நேரே அவர் கணக்குக்கு, அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளையிடம் எப்படி ரசீது கேட்பது?

ஒக்டோபர் முதல் கிழமை தருகிறேன் என்றவர் நவம்பர் இரண்டாம் கிழமைதான் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார், மணிகூட அடிக்கவில்லை. எண்ணினேன், 138. அதில் 22 கையில் எடுத்தாலே பிதுங்குகிறது. மேல் தோலில் கொஞ்சம் பூஞ்சணம் என்றால் பரவாயில்லை, துடைத்துவிட்டு வைக்கலாம், ஆனால் மெதுமெதுவென்று இருந்தால் அது அழுகல்தான். படம் எடுத்து அனுப்பினேன். "குளிரில அப்பிடித்தான் இருக்கும், வையுங்கோ, எல்லாம் முளைக்கும்" என்று பதில். குறைந்த 12 கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விரல் விறைக்க விறைக்க இரண்டு பின்னேரம் குந்தியிருந்து 116 கிழங்கு வைத்தேன், அவர் சொன்னபடி கம்பிவலையும் போட்டேன்.

ஸ்நோ பன்டிங் முந்திப் பூக்கிற வகை. மார்ச் கடைசியில் பக்கத்து வீட்டில் மஞ்சள் குரோக்கஸ் வந்துவிட்டது, எங்கள் வளவில் புல்நுனி மாதிரி இலை மட்டும். ஏப்ரல் நடுவில்தான் பூத்தது. அறுபது வரும். அத்தனையும் ஊதா, சிலதில் கோடு. ஒன்று, ஒரேயொரு வெள்ளை இல்லை. 186 டொலர்!

செய்தி அனுப்பினேன். முதலில் வெயில் காணாது அக்கா என்றார். வெயில் காணாவிட்டால் பூ விரியாது, நிறமா மாறும்? அடுத்த நாள், உங்கட மண்ணின்ர குணம், மண்ணுக்கு நிறம் மாறும் என்றார். ஹைட்ரேஞ்சியாவுக்கு அப்படி நடக்கும், குரோக்கஸுக்கு நடக்காது. மூன்றாவதாகச் சொன்னதைக் கேளுங்கள்: "அணில் உங்கடயைத் தோண்டிப்போட்டு வேற ஆற்றயோ கிழங்கைக் கொண்டுவந்து தாட்டிருக்கும்." கம்பிவலைக்குக் கீழேயா தம்பி? அதற்குப் பிறகு செய்தியை வாசித்ததற்கான நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. இரண்டு நாளில் என்னைத் தடுத்தும் விட்டார். குழுமத்தில் எழுதினேன், நிர்வாகி ஒரு மணித்தியாலத்தில் அழித்துவிட்டு, வியாபாரப் பிரச்சினையை உங்களுக்குள்ள தனியாகப் பேசித் தீருங்கோ என்றார். தடுத்துவைத்திருக்கிற ஆளோடு எப்படித் தனியாகப் பேசுவது? வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பின காசு, அவர் கணக்கில் விழுந்த பிறகு திருப்ப ஏலாது என்கிறார்கள்.

என்னை அதிகம் எரிக்கிறது வேறொன்று. போன கிழமை வாசித்தபோதுதான் தெரிந்தது, ஸ்நோ பன்டிங் கிழங்கு இயல்பிலேயே சின்னது. ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் சுற்றளவில்தான் விற்பார்கள். பத்துச் சென்ரிமீற்றர் என்றால் அது பெரிய பூப் பூக்கிற டச்சுக் குரோக்கஸ். ஆக, எதை முதல்தரம் என்று பீற்றினாரோ அதுவே வேறு சாமான் என்பதற்கு அத்தாட்சி. தோலும் வேறு. ஸ்நோ பன்டிங்கின் தோல் வழவழவென்று, அடியில் வளையம் வளையமாகக் கழரும். மற்றதுக்குத் தேங்காய்த் தும்பு மாதிரி வலைப்பின்னல். நவம்பரில் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தும்புதான். கையில் வைத்துக்கொண்டே தெரியாமல் தாட்டிருக்கிறேன்.

சரி, கவனிக்க வேண்டியவை. வகையின் பெயரும் சுற்றளவும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரிய கிழங்கிலேயே வெள்ளை வேண்டுமென்றால் 'ஜான் தார்க்' என்று கேளுங்கள், அது டச்சு வகைதான். கார்ட் எடுக்காமல் இ-ட்ரான்ஸ்ஃபர் மட்டும் கேட்டால் விலகுங்கள். கிழங்கு வந்த அன்றே எண்ணி, அமத்திப் பார்த்து, தோல் தெரியப் படம் எடுத்து வையுங்கள், நிறம் தெரிய ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் முறைப்பாடு செய்கிற தவணையெல்லாம் போய்விடும். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், மகளைப் பள்ளிக்கூடத்தில் எடுக்க நேரமாகிவிட்டது.

ஒன்று மட்டும். அதே ஆள் இப்போது வேறு பெயரில் டாலியாக் கிழங்கு விற்கிறார். படத்தில் கிழங்கை ஏந்துகிற கை அதே கை, அதே பச்சைக்கல் மோதிரம். கீழே ஏழெட்டு அக்காமார் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.