எங்கள் டவுன் சுவர் ஓவியச் சந்து: பாட்டியோடு போய்ப் பார்த்தேன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து டவுனில், கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் சுவர் ஓவியம் வரைந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியையும் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டணம் கிடையாது. காரை மார்க்கெட் பக்கம் போட்டுவிட்டு நடப்பது நல்லது, சந்துக்குள் எந்நேரமும் ஒரு காய்கறி வேன் நிற்கும்.

பினாங்கில் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன வேலையாகத்தான் தெரியும். அங்கே நிஜ சைக்கிளையே சுவரோடு பொருத்தியிருப்பார்கள். நானும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தேன், அந்தத் தெருவைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை, அது என் சோம்பேறித்தனம். இங்கே அப்படி நழுவ முடியவில்லை.

இரண்டாவது சுவரில் தலையில் விளக்குக் கட்டிய ஒரு பெண் பால்மரம் வெட்டுகிறாள், அதாவது பால் வடிய ரப்பர் மரத்துப் பட்டையில் கோடு கீறுகிறாள். முகம் அருமையாக வந்திருக்கிறது. பாட்டி முப்பது வருஷம் மரம் வெட்டியவர், முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக மரத்துக்குப் போய்க் கோட்டை விரலால் தடவிவிட்டு, "ஏன்டா, கோடு இடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கணும். இது தலைகீழா இருக்கே! இப்படி வெட்டியிருந்தா கங்காணி பெரட்டுல வச்சே கிழிச்சிருப்பாரு" என்றார். பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவது. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாகச் சாய்ந்திருக்கும், இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடும். பாட்டிக்குக் காரணம் தெரியாது, கைக்குத் தெரியும்.

அப்புறம் காய்கறிக் கடை அக்கா வந்தார், பால் பிடிக்கும் மங்கு இவ்வளவு கீழேயா இருக்கும் என்று பாட்டியோடு ஒரு வாக்குவாதம். ஹார்ட்வேர் கடைச் சீன அங்கிள் வந்து, தன் அப்பா ஒட்டுப்பால் (மரத்திலும் மங்கிலும் உறைந்து ஒட்டிய பால்) வாங்கி விற்றவர் என்று ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் ஏழெட்டுப் பேர். அக்கா மகன் கைப்பேசியை ஜேப்பில் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது சுவரில் ஒரு கையில் 10 வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்) நோட்டு, அவ்வளவுதான். 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய கதை அது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். ஆனால் பக்கத்தில் இருக்கும் பலகையில் மலாயும் ஆங்கிலமும் மட்டும்தான், தமிழில் ஒரு வரி இல்லை. பாட்டிக்கு நான்தான் படித்துச் சொன்னேன். இதற்கே ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன்.

இன்னொரு அரை நட்சத்திரம் சாயத்துக்கு. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கும், அதைக் காயவிடாமல் பூசியிருக்கிறார்கள் போல, முழங்கால் உயரம்வரை இப்போதே கொப்புளம். சாக்கடை நாற்றம் தனி. ஆக ஐந்துக்கு மூன்றரை. காலையில் பசியாறிவிட்டுப் போங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும்.

மரத்துக் கோடு தலைகீழாக இருந்ததை வரைந்த தம்பியிடம் சொன்னோம். கோபப்படவில்லை, அடுத்த மாதம் மாற்றித் தருவதாகச் சொன்னார். பாட்டி உடனே, "அன்னைக்கு ஒரு நாற்காலி போட்டு வை தம்பி, நான் வந்து உக்காந்துக்கிறேன்" என்றார்.